மாதிரி ரயில் போட்டியின் நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: தண்டவாள ஓரத்துத் துருவையும் மதிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். அண்மையில் நடந்து முடிந்த போட்டியில் என் மாதிரி ரயில்பாதைக்கு நீங்கள் எழுதித் தந்த குறிப்பைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். முடிவை மாற்றும்படி கேட்பது என் நோக்கமன்று. பரிசு பெற்ற நீராவி இன்ஜின் அதற்கு முழுத் தகுதி உடையது. நான் கேட்பது ஒன்றுதான்: தண்டவாள ஓரப் பொருள்களுக்கென எழுத்து வடிவில் ஓர் அளவுகோல் வேண்டும்; அது பொருளின் சுத்தத்தை அளக்காமல், அசலோடு அதற்குள்ள ஒப்புமையை அளக்க வேண்டும்.

என் மதிப்பெண் தாளில் இருந்தது ஒரே வரி: "வண்ணப்பூச்சு சீராக இல்லை, அழுக்காகத் தெரிகிறது." பாயிண்ட்டுக்கு (பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்கு) அருகே நிற்கும் ரிலே பெட்டியை, அதாவது சிக்னலுக்கான மின்கருவிகளை வைக்கும் பெட்டியைச் சுட்டி அம்பு ஒன்றும் வரைந்திருந்தீர்கள். அசலில் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமுள்ள அந்தப் பெட்டி, 1:87 அளவில் 14 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதற்கு நான் செலவிட்டவை பதினொரு மாலைகள்.

முதல் முயற்சியில், வார்னிஷ் பூசாத மேட் (பளபளப்பற்ற) பரப்பின் மேல் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை விட்டேன். அது கீல்களின் ஓரத்தில் தங்காமல், சுவரில் நீர் ஊறியதைப் போலக் கதவு முழுவதும் பரவிவிட்டது. அடுத்த முறை, துருநிறப் பொடியை நிலைநிறுத்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தினேன். அது அடியிலிருந்த அக்ரிலிக் வண்ணத்தையும் கரைத்து, பிளாஸ்டிக்கை வெளியே காட்டிவிட்டது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு மறுபடியும் பிரைமர் எனும் அடிப்பூச்சிலிருந்து தொடங்கினேன். பளபளப்பு வார்னிஷ் பூசி, அது நன்றாக இறுகிய பிறகு, ஒவ்வொரு கீலுக்கும் கீழே ஊசிமுனையளவு எண்ணெய் வண்ணம் வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தேன். மழைநீர் அப்படித்தான் வழியும். ஒரு கோடு சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்தாலும் கண் அதை நம்ப மறுத்துவிடுகிறது. பிறகு மேட் வார்னிஷ், அதற்கும் பிறகு அடிப்பகுதியில் பொடி. பொடியின் மேல் வார்னிஷ் தெளித்தால் அதன் நிறம் பாதி மங்கிவிடும் என்பதால் அதை அப்படியே விட்டேன்.

நீங்கள் "சீராக இல்லை" என்று எழுதியது உண்மை. அது சீராக இருக்கக் கூடாது. தண்டவாளத்தைப் பார்த்த பக்கம் பழுப்பாகவும் எதிர்ப்பக்கம் வெளிறிய சாம்பலாகவும் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தில் உரசும்போது உதிரும் இரும்புத்தூள், பாதையை ஒட்டிய பரப்புகளில் படிந்து அங்கேயே துருவாகிறது. நிறுத்தச் சிக்னலுக்கு முன்னால் சல்லிக் கற்கள் பழுப்பேறிக் கிடப்பதும், வண்டிகள் பிரேக் போடாமல் கடக்கும் இடத்தில் கல்லின் சொந்த நிறம் தெரிவதும் இதனால்தான். அந்த வேறுபாட்டைக் காட்டவே பதினொரு மாலைகள் உழைத்தேன். அதையே குறையாக எண்ணி மதிப்பெண் கழித்துவிட்டீர்கள். இதை எழுதும்போதும் என் மனம் ஆறவில்லை.

பெட்டி ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. வண்டிகள் தொடர்ந்து ஓடும் பாதையில் தண்டவாளத்தின் தலை (சக்கரம் உருளும் மேற்பரப்பு) மின்ன, பக்கங்கள் கரும்பழுப்பாக இருக்கும். வண்டி வராத பக்கப்பாதையிலோ தலையிலும் செம்மஞ்சள் துரு ஏறியிருக்கும். மரத்தைக் காக்கும் கிரியோசோட் எண்ணெய் ஊறிய புது ஸ்லீப்பர் கட்டை கருமையாக இருக்கும். வெயிலில் கிடந்த பழைய கட்டை வெள்ளிச்சாம்பலாக வெளுத்திருக்கும். பாயிண்ட்டில் வண்டியைத் திருப்பிவிட நகரும் தண்டவாள முனையான நாக்கு நகரும் தட்டுகளில் மசகெண்ணெய் கறுத்துப் படிந்திருக்கும். மாதிரியில் அந்த நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் வண்ணம் பட்டால் மின்தொடர்பு அறுந்துபோகக்கூடும் என்பதால், கறையைக் காட்டவும் வேண்டும், தொடுமிடத்தைக் காக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் கவனித்து அமைத்த பாதைக்கும், ஒரே பழுப்பு வண்ணத்தை மொத்தமாகத் தெளித்த பாதைக்கும் உங்கள் தாளில் வேறுபாடு தெரிவதில்லை. சொல்லப்போனால், சீராக இருப்பதால் இரண்டாவதே முந்துகிறது.

இந்தப் புறக்கணிப்பு போட்டியோடு நிற்பதில்லை. இன்ஜினின் ஒவ்வோர் ஆணியையும் நுணுக்கமாக வார்க்கும் தயாரிப்பாளர்கள், சிக்னல் கம்பத்தையும் பாதை முடிவில் நிற்கும் தடுப்புக்கட்டையையும் பளபளக்கும் பிளாஸ்டிக்கில் வார்த்து, எந்த நிறம் பூசுவது என்ற குறிப்புக்கூட இல்லாமல் பையிலிட்டு விற்கிறார்கள். படம் எடுப்பவர்களும் இன்ஜினை மட்டுமே எடுக்கிறார்கள். புதிதாக வருபவர், சுற்றுப்புறம் என்பது மிச்சமிருக்கும் நேரத்தில் செய்யும் வேலை என்று நினைத்துக்கொள்கிறார். இவை உங்கள் பொறுப்பில் வராதவை என்பதை அறிவேன்; பொறுத்தருள்க. ஆனால் உங்கள் மதிப்பெண் தாள் உங்கள் பொறுப்பு.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தண்டவாள ஓரத்துக்குத் தனி அளவுகோலை எழுதி வெளியிடுங்கள். போட்டியாளர் தம் படைப்பின் அருகில் அசலின் ஒளிப்படத்தை வைக்க அனுமதியுங்கள். அதைப் பார்த்தபின் மதிப்பெண் இடுங்கள். மேலிருந்து குனிந்து பார்க்காமல், கண்ணைப் பாதையின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். ரயிலடியில் நிற்கும் மனிதர் அப்படித்தான் பார்க்கிறார். தூரிகை பிடித்துத் துருவேற்றிப் பழகிய ஒருவரேனும் உங்கள் குழுவில் இருந்தால் பெரிதும் உதவும்.

அந்த ரிலே பெட்டியை நான் மாற்றிப் பூசவில்லை. அசல் பெட்டியின் இரு பக்கங்களையும் காட்டும் படங்களை இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். அடுத்த போட்டிக்கும் அதே பெட்டியைக் கொண்டுவருவேன். அதற்கான விதிகளை இறுதி செய்வதற்கு முன், என் கோரிக்கைக்கு எழுத்து வடிவில் மறுமொழி தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் போட்டியில் பங்கேற்ற ஒரு மாதிரி ரயில் ஆர்வலர்