ஏழாம் வரிசையில் இருப்பவர் கேட்ட கேள்வி: ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதன்மை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியர் குழுவினருக்கும், பதிப்பக நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் உரிமங்கள் பிரிவிலிருந்து எனக்கு வந்த மின்னஞ்சலைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் இதழில் வெளியான எங்கள் கட்டுரையின் ஏற்கப்பட்ட பிரதியை எங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருந்தது ஒப்பந்தத்துக்கு மாறானது என்றும், ஏழு நாட்களுக்குள் அதை அகற்றிவிட்டு, பொதுவில் வைக்கக் கூடாத 12 மாதத் தடைக்காலம் முடிந்தபின் மீண்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தீர்கள். மறுநாளே அகற்றிவிட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவள் நானே என்பதால் அதில் வழக்காட எனக்கு இடமில்லை. ஆனால், அகற்றியபின் ஒருவருக்கு நான் எழுதவேண்டிய பதிலை இன்றுவரை எழுத முடியவில்லை. இதைக் குறித்து உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் இருமுறை எழுதியும் விடை வராததால், இப்போது பலர் அறியக் கேட்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வு முடிந்து நீங்கள் ஏற்றுக்கொண்ட பிரதியை, கட்டுரை வெளியாகும் நாளிலேயே, தடைக்காலமும் கட்டணமும் இன்றி, யாரும் படிக்கும்படி பொதுக் களஞ்சியத்தில் வைக்கக் கட்டுரை ஆசிரியர்களை அனுமதியுங்கள். உங்கள் வடிவமைப்பையும் பக்க எண்களையும் இலச்சினையையும் நான் கேட்கவில்லை. நாங்கள் எழுதிய சொற்களை மட்டுமே கேட்கிறேன்.

மூன்றாம் அட்டவணையின் ஏழாம் வரிசை என்று சொன்னால், எங்கள் கட்டுரையைக் கையாண்ட உங்கள் இணை ஆசிரியருக்கு நினைவு வரும். அந்த வரிசையின் எண்கள் மற்றவற்றோடு ஒட்டவில்லை, அளவீட்டில் பிழை இருக்கலாம், மீண்டும் சரிபாருங்கள் என்று எழுதியவர் அவர்தான். நியாயமான ஐயம், நானாக இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காக, அந்த வரிசையின் எண்களுக்கு உரியவரான, தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் அரிய நோய் கொண்ட ஒரு மனிதர் மீண்டும் ஒருமுறை பயணம் செய்து வந்து, ஒரு பகல் முழுவதும் எங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து, கைப்பிடி வலுவை அளக்கும் கருவியை இருபது முறைக்கு மேல் அழுத்திக் காட்டினார். இடையிடையே ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னபோது, “எண் சரியாக வர வேண்டும் அல்லவா” என்றார். எண் சரியாகத்தான் இருந்தது. அவருக்கு மட்டும் நோய் மற்றவர்களைவிட விரைவாக முற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். விரைவாக முற்றும் பிரிவு ஒன்று தனியே இருக்கக்கூடும் என்று எங்கள் கட்டுரை சொல்கிறது, அதை நீங்கள் இதழின் முகப்பிலும் எடுத்துக் காட்டினீர்கள். அந்த முடிவு அவருடைய அந்த ஒரு பகலிலிருந்து பிறந்தது.

கட்டுரை வெளியானதும் அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பெல்லாம் அவரே தட்டச்சு செய்வார். இம்முறை அவர் சொல்ல மகள் தட்டச்சு செய்திருந்தார். கட்டுரையைத் திறக்க முயன்றதாகவும், சுருக்கத்துக்குக் கீழே பணம் கேட்கும் பெட்டி வந்ததாகவும், தான் ஏதேனும் தவறாக அழுத்திவிட்டாரோ என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். தவறு அவருடையதன்று என்று விளக்கி, என்னிடமிருந்த பிரதியை அனுப்பினேன். தனிநபர்களுக்கு அனுப்புவதை நீங்கள் தடுப்பதில்லை என்பதை அறிவேன், அதற்கு நன்றி. அடுத்து அவர் கேட்ட கேள்விதான் சிக்கலானது. இதே நோயுடன் வாழும் பலர் ஒருவரையொருவர் அறிந்து, ஒரு குழுவாக இருக்கிறார்கள். “அவர்களுடைய மருத்துவர்களும் படிக்கும்படி, எங்கே கிடைக்கும் என்று ஓர் இணைப்பைத் தர முடியுமா?” என்று கேட்டார். தந்தேன். அந்த இணைப்பைத்தான் நீங்கள் மூடச் சொன்னீர்கள்.

12 மாதம் காத்திருங்கள் என்பது உங்கள் மின்னஞ்சலின் ஒரே ஆறுதல் வாக்கியம். அவருடைய வலு மாதத்துக்கு மாதம் எப்படிக் குறைகிறது என்பதை நாங்கள் உங்கள் இதழில்தான் எழுதியிருக்கிறோம், நீங்கள்தான் அதை மதிப்பாய்வு செய்து ஏற்றிருக்கிறீர்கள். ஆகவே, ஏழாம் வரிசையில் இருப்பவருக்கு 12 மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் பதிப்பகம் ஒன்றுமே செய்வதில்லை என்று வாதிடுவோரின் அணியில் நான் இல்லை. மெய்ப்புத் திருத்தம், படங்களின் தரம், நிலையான அடையாள எண், நீண்டகாலப் பாதுகாப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் உழைப்பும் செலவும் உண்டு. ஆனால் கட்டுரையை எழுதியவர்களுக்கோ, அதை மதிப்பாய்வு செய்தவர்களுக்கோ நீங்கள் எதுவும் தரவில்லை. உங்கள் இதழுக்கு ஒன்பது ஆண்டுகளாக மதிப்பாய்வு செய்துவருபவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இதுவரை அதை ஒரு குறையாக எண்ணியதுமில்லை. ஆய்வுக்கான பணம் பொது நிதியிலிருந்து வந்தது, தரவு நோயாளிகளின் உடலிலிருந்து வந்தது. இத்தனை பேர் விலை கேட்காமல் தந்த ஒன்றுக்கு, கடைசிக் கதவில் மட்டும் ஒரு பூட்டு தொங்குவதுதான் எனக்குப் புரியவில்லை.

உடனே திறக்க வேண்டுமானால் கட்டுரையை எழுதியவரே கட்டணம் செலுத்தும் வழி இருக்கிறதே என்று உங்கள் மின்னஞ்சலின் அடிக்குறிப்பு நினைவூட்டியது. அந்தத் தொகை எங்கள் நல்கையில் மீதமிருந்ததைவிடப் பெரிது. படிப்பவரிடம் வாங்கிய பணத்தை எழுதுபவரிடம் வாங்கினால் பூட்டு வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்கு இடம் மாறுகிறதே தவிர, கழன்றுவிடுவதில்லை. வசதியான ஆய்வகத்தின் கட்டுரை திறந்திருக்கும், எங்களுடையது மூடியிருக்கும். 2023 ஏப்ரலில் ‘நியூரோஇமேஜ்’ என்ற மூளை ஆய்விதழின் ஆசிரியர் குழுவினர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக விலகியதற்குக் காரணம் இதே கட்டணம்தான். அங்கே ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர். குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்து, பதிப்பகம் மறுத்தபின், அவர்கள் வெளியேறி வேறோர் இதழைத் தொடங்கினார்கள். உங்கள் ஆசிரியர் குழுவில் உள்ளவர்களும் ஊதியத்துக்காக அன்றித் துறையின் மீதுள்ள பற்றினால் பணியாற்றுபவர்கள் என்பதால், அந்த நிகழ்வை அவர்கள் என்னைவிட நன்றாகவே அறிந்திருப்பார்கள்.

ஏற்கப்பட்ட பிரதி இலவசமாகக் கிடைத்தால் சந்தா சரியும் என்ற அச்சத்தை மதிக்கிறேன். ஆனால், இயற்பியலாளர்கள் 1991 முதல் தங்கள் கட்டுரைகளை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ‘ஆர்க்கைவ்’ என்ற இணையக் களஞ்சியத்தில், பெரும்பாலும் இதழுக்கு அனுப்பும் நேரத்திலேயே வைத்துவருகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இயற்பியல் இதழ்கள் மூடிவிடப்படவில்லை. நூலகங்கள் அவற்றுக்கு இன்னும் சந்தா கட்டுகின்றன.

இதைவிட அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் தங்கள் நிதியில் பிறந்த கட்டுரைகளுக்கு 2008 முதல் 12 மாதம்வரை தடைக்காலத்தை அனுமதித்திருந்தன. 2025 ஜூலை 1 முதல் அதுவும் போய்விட்டது. அந்நாள் முதல் ஏற்கப்படும் பிரதி, இதழில் வெளியாகும் அன்றே பொதுக் களஞ்சியத்தில் திறந்திருக்க வேண்டும். அந்நிதி பெற்றவர்களின் கட்டுரைகளை நீங்கள் மறுப்பதில்லை. அண்மை இதழிலேயே சிலவற்றைக் கண்டேன். எனவே தடைக்காலம் இல்லாமல் உங்கள் இதழால் வாழ முடியும் என்பது நிறுவப்பட்டாயிற்று. யார் பணம் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கட்டுரை திறப்பதும் மூடுவதும் நடக்குமென்றால், அதற்கு ‘ஆசிரியர் கொள்கை’ என்று பெயர் சூட்டியிருக்க வேண்டாம்.

2020 தொடக்கத்தில் கொரோனா தொடர்பான கட்டுரைகளைப் பெரும் பதிப்பகங்கள் பலவும் கட்டணமின்றித் திறந்துவிட்டன. அது நல்ல செயல். அவசரத்தின்போது மூடிவைத்தல் தீங்கு செய்யும் என்று அப்போது ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அரிய நோய் உள்ளவருக்கு எல்லா நாளும் அவசரம்தான். அவருடைய அவசரம் எண்ணிக்கையில் சிறிது என்பதால் செய்தியாவதில்லை.

மூடிவைத்தலின் விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது லைபீரியா. அந்நாட்டை எபோலா நிலைகொண்ட பகுதியில் சேர்க்க வேண்டும் என்று 1982இலேயே ஐரோப்பிய இதழ் ஒன்றில் ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பெருந்தொற்றுக்குப் பிறகு, 2015இல்தான் அந்நாட்டின் மருத்துவ அதிகாரிகள் அக்கட்டுரையைக் கண்டு திகைத்தார்கள். இரத்த மாதிரிகளை எடுத்துச் சென்றவர்கள் முடிவுகளை வேறு நாட்டு இதழ்களில் வெளியிட்டார்கள். அத்தகைய கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றும், அது அங்குள்ள மருத்துவர் ஒருவரின் ஏறக்குறைய அரை வாரச் சம்பளம் என்றும் அந்த அதிகாரிகள் எழுதினார்கள். அக்கட்டுரை திறந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். 1982இல் இணையமும் இல்லை. ஆனாலும் இரத்தம் போன வழியே செய்தி திரும்பி வரவில்லை என்பது அங்கேயும் உண்மை, ஏழாம் வரிசையிலும் உண்மை.

இந்த மடலை எழுதும் முன் உங்கள் தளத்துக்கு ஒருமுறை சென்றேன். முகப்பில் “நோயாளிகளை மையமாகக் கொண்ட ஆய்வு” என்ற சிறப்பிதழின் அறிவிப்பு ஒளிர்ந்தது. ஆவலோடு அதன் தலையங்கத்தைச் சொடுக்கினேன். பணம் கேட்கும் பெட்டி வந்தது. ஆய்வில் நோயாளிகளின் குரல் ஏன் இன்றியமையாதது என்பதை நோயாளிகள் 24 மணி நேரத்துக்கு வாடகைக்குப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் போலும். அதன் அருகே, இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணி, இவ்வாண்டுக்கானது, தடித்த எழுத்தில், தசமம்வரை இருந்தது. எங்கள் வேலை வாய்ப்பும் பதவி உயர்வும் அந்தத் தசமத்தில் தொங்குகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒப்பந்தத்தில் எதை எழுதி அனுப்பினாலும் நாங்கள் கையெழுத்திடுகிறோம் என்பதும் தெரியும். இதில் எங்கள் பல்கலைக்கழகங்களின் குற்றம் உங்களுடையதைவிடக் குறைந்ததன்று. நிதி தந்தவரே திறந்துவைக்கச் சொன்னாலும் நடுவில் நிற்பவர் விடுவதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சும்மா வந்த பழமொழி அன்று.

பொறுத்தருள்க. பொதுப்புலம்பலாகப் போய்விட்டது, உங்கள் குழுவில் உள்ள பலரும் இதே வருத்தத்தைக் கருத்தரங்குகளில் என்னிடம் பகிர்ந்துகொண்டவர்கள் என்பதை மறந்து எழுதிவிட்டேன். கோரிக்கைக்குத் திரும்புகிறேன்.

ஏற்கப்பட்ட பிரதியை வெளியாகும் நாளிலேயே, தடைக்காலமும் கட்டணமுமின்றிப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கக் கட்டுரை ஆசிரியர்கள் எல்லோரையும் அனுமதிக்கும்படி ஒப்பந்தத்தின் அந்த ஒரு பிரிவைத் திருத்துங்கள். அதற்கு நிர்வாகக் குழு கூட வேண்டும், காலம் பிடிக்கும் என்றால், அதுவரை நோயாளிகள் பங்கேற்ற ஆய்வுகளுக்கு மட்டுமாவது தடைக்காலத்தை நிறுத்திவையுங்கள். அதுவும் இயலாதென்றால், ஏன் இயலாது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் காரணத்தை நான் அப்படியே எடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

ஏழாம் வரிசையில் இருப்பவர் சென்ற வாரம் மீண்டும் எழுதியிருந்தார். நான் தந்த இணைப்பு திறக்கவில்லை என்று குழுவில் சிலர் சொல்வதாகவும், தன் பக்கம்தான் ஏதோ கோளாறு இருக்கும் என்று அவர்களிடம் கூறிவைத்திருப்பதாகவும் அவர் மகள் தட்டச்சு செய்திருந்தார். உங்கள் பதில் கிடைத்தபின் அவருக்கு எழுதலாம் என்று காத்திருக்கிறேன். தயைகூர்ந்து விரைந்து பதில் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் இதழில் எழுதியவளும், அதற்கு மதிப்பாய்வு செய்துவருபவளுமான ஓர் ஆய்வாளர்