வாடகையே இஎம்ஐ கட்டிடுமாம், கணக்கு போட்டு பாத்தீங்களா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற வீடு, மனை பக்கத்தை நான் விடாம படிக்கிற ஆளு. அதுல ஒரு வரி மட்டும் சலிக்காம வந்துட்டே இருக்கு, "லோன் போட்டு வீடு வாங்கி வாடகைக்கு விடுங்க, வாடகையே இஎம்ஐ கட்டிடும், கடைசில வீடு சும்மா மிஞ்சும்"னு. விளம்பரத்துல வந்தா விட்டுடலாம், விளம்பரம்னா அப்படித்தான் பேசும். கட்டுரைலயும் அதையே எழுதறாங்களே, அதான் உறுத்துது.

சரி நானே கணக்கு போடறேன். வீட்டு விலை 100னு வச்சுக்குங்க. கைக்காசு 20, பேங்க் லோன் 80, வட்டி 9 சதவீதம், 20 வருஷம். மாசத் தவணை 0.72 வருது, வருஷத்துக்கு 8.64. வாடகை வருஷத்துக்கு 4னு எடுத்துக்கலாம், விலை எகிறிப்போன பெரிய ஊர்கள்ல அது கிடைக்கறதே கஷ்டம். அதுல சொத்து வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர், பெயிண்ட், புரோக்கர் கமிஷன்னு கால்வாசி போச்சுன்னா கைல நிக்கறது 3. முதல் வருஷம் வட்டி மட்டுமே 7-க்கு மேல போகுது, இந்த 3 எங்கேர்ந்து இஎம்ஐ கட்டும்? மீதி பூரா சம்பளத்துல இருந்துதான் போகணும், அதை கட்டுரைல யாரும் சொல்றதில்ல.

எல்லா இடத்துலயும் இப்படித்தான்னு நான் சொல்ல வரல. வாடகை 8 வருது, வட்டி 5 சதவீதம்தான், லோனும் 30 வருஷம்னா அதே 80-க்கு வருஷத் தவணை 5.15தான், கால்வாசி செலவு போக 6 நிக்கும், அப்ப நிஜமாவே வாடகை கட்டிடும். ஆக வாடகைக்கும் வட்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் எல்லாம், அந்த ரெண்டு நம்பரை விட்டுட்டு பொத்தாம்பொதுவா எழுதறதுதான் தப்பு.

இன்னொண்ணு, அசல் எவ்வளவு மெதுவா குறையும்னு வாங்கறவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு தெரியாது. 9 சதவீதம் 20 வருஷ லோன்ல முதல் தவணையில ஆறுல அஞ்சு பங்கு வட்டிக்கே போயிடுது, அசல்ல பாதி அடையறதுக்கே 14 வருஷம் ஆகும். இதுல மிதக்கும் வட்டின்னா, அதாவது நடுவுல ஏறி இறங்கற வட்டின்னா, கேக்கவே வேணாம். லோன் வாங்கின புதுசுலயே 9 போய் 10 ஆச்சுன்னு வைங்க, தவணையை ஏத்தாம வருஷத்தை மட்டும் நீட்டினா 20 வருஷம் 26 வருஷத்தை தாண்டிடும். 10.8-ஐ தொட்டா கட்டற காசு பூரா வட்டிக்கே சரியாப் போயிடும், பேரன் காலத்துலயும் கடன் முடியாது. "வட்டி கொஞ்சம் ஏறிருக்கு, இஎம்ஐ மாறல"ன்னு மெசேஜ் வந்தா நிம்மதியா இருக்காதீங்க, எத்தனை மாசம் பாக்கின்னு ஸ்டேட்மெண்ட் வாங்கி பாருங்க.

விலை ஏறும்ங்கற பேச்சும் அப்படித்தான். கைக்காசு 20 போட்டு வாங்கின வீடு 10 சதவீதம் ஏறினா நம்ம காசுக்கு 50 சதவீத லாபம்னு (வட்டியை மறந்துட்டு) பெருமையா சொல்றோம், அதே 10 இறங்கினா நம்ம 20-ல பாதி காலிங்கறதை யாரு சொல்றா? 2008-ல அமெரிக்காவுல இதுதானே நடந்துச்சு, ஆரம்பத்துல கம்மி வட்டின்னு ஆசை காட்டி குடுத்த லோன்ல வட்டி ஏறுச்சு, வீட்டு விலை இறங்குச்சு, வித்தாலும் கடன் அடையாம எத்தனையோ குடும்பம் வீட்டை விட்டுச்சு, கடைசில லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய முதலீட்டு வங்கியே திவாலாச்சு.

வாடகைக்கு விட்டப்புறம் வர்ற வேலையைப் பத்தி உங்க பக்கத்துல ஒண்ணுமே வரதில்ல. ஒரு மாசம் வீடு காலியா கிடந்தா வருஷ வாடகைல 8.33 சதவீதம் போச்சு. 5 சதவீதம் ஏத்தறேன்னு பிடிவாதம் பிடிச்சு நல்லா இருந்த குடித்தனக்காரங்க கிளம்பிட்டாங்க, அடுத்த ஆள் வர ஒரு மாசம் ஆச்சுன்னா, போன காசை அந்த 5 சதவீதத்துல எடுக்க 20 மாசம் ஆகும், பெயிண்ட் செலவு தனி. பாத்ரூமை ஒட்டின பெட்ரூம் சுவத்துல உள்ளங்கை அளவு ஈரம் தெரியும்போதே போன் பண்ணி சொல்றவங்க கிடைக்கறது அபூர்வம். அப்பவே டைல்ஸ் இடுக்கை அடைச்சா பல நேரம் அரைநாள் வேலையோட போயிடும். கண்டுக்காம விட்டா பூச்சு உப்பி உதிரும், டைல்ஸை பேத்து வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும், அது முடியற வரைக்கும் அந்த பாத்ரூமை யாரும் புழங்க முடியாது. அப்படி கூப்பிட்டு சொல்ற ஆளுக்கு ஒரு வருஷம் வாடகை ஏத்தாம விட்டாலும் நஷ்டமில்லைன்னுதான் நான் நினைக்கிறேன், டெபாசிட்டை வச்சு மிரட்டி வேலை வாங்கற ஓனர்கள் ஒத்துக்க மாட்டாங்க.

அதனால ஒரு வேண்டுகோள். முதலீட்டுக்கு வீடு வாங்கச் சொல்லி கட்டுரை போட்டா, செலவு போக வாடகை எவ்வளவு நிக்கும், எந்த வட்டிக்கு கணக்கு போட்டீங்க, அந்த வட்டி 2 ஏறினா என்ன ஆகும், ரெண்டு மாசம் வீடு காலியா கிடந்தா என்ன ஆகும்னு ஒரு சின்ன கட்டத்துல போடுங்க. இடம் பத்தலைன்னா, புதுச் சாவியை நீட்டிட்டு சிரிக்கற குடும்பத்தோட போட்டோவை கொஞ்சம் சின்னதாக்குங்க, தாராளமா இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகர்