13-ஹோட் ஆன்டிபாடி: ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காலாப்பட்டு, கோரிமேடு, சிதம்பரம் பக்கத்து ஆய்வகங்களிலிருந்து இப்போதெல்லாம் 13-ஹோட் (13-HODE) என்கிற கொழுப்பமில மூலக்கூறைப் பிடிக்கும் ஆன்டிபாடியை அடிக்கடி விசாரிக்கிறீர்கள். கொட்டேஷன் அனுப்புவது எங்களுக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் விலை கூடுதல், ஐஸில் வரவேண்டிய வெளிநாட்டுச் சரக்கு, குப்பியைத் திறந்தபின் யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் வாங்கும் முன்னே சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

லினோலெயிக் அமிலம் 18 கார்பனும் இரண்டு இரட்டைப் பிணைப்பும் உள்ள கொழுப்பமிலம். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இருக்கிறது. நம் ரத்தத்திலும் ஏராளம். அதன் 13ஆம் கார்பனில் ஆக்சிஜன் ஏறி உண்டாவதுதான் 13-ஹோட். 9ஆம் கார்பனில் ஏறினால் 9-ஹோட். 15-லைப்பாக்சிஜனேஸ் என்கிற நொதி 13-ஹோட்டைத் தயாரிக்கிறது. நொதியே இல்லாமல் ஃப்ரீ ராடிக்கல் தாக்கினாலும் இரண்டும் உண்டாகும். இவை மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களில், அழற்சியைத் தணிக்கும் பிபார்-காமா ஏற்பியைத் தூண்டுகின்றன. வலி நரம்புகளில் டிஆர்பிவி1 ஏற்பியையும் தூண்டுகின்றன. (மிளகாயின் காரம் நமக்கு உறைப்பதும் இதே ஏற்பி வழியாகத்தான்.) எனவே 13-ஹோட் கூடினால் கெடுதல், குறைந்தால் நல்லது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. நோயாளிக்கு அழற்சி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வழக்கமான சிஆர்பி ரத்தப் பரிசோதனை போதும். இந்த ஆன்டிபாடி ஆராய்ச்சிக்கு மட்டும். ரிப்போர்ட் கொடுக்க இல்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். லினோலெயிக் அமிலம் கெட நோய் தேவையில்லை, காற்றே போதும். திறந்து வைத்த எண்ணெயில் சிக்கு வாடை வருகிறதல்லவா, அங்கே நடக்கிற வினைதான் மேசைமேல் நிற்கும் உங்கள் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) டியூபிலும் நடக்கிறது. அந்த மூலக்கூறு நோயாளியின் ரத்தக்குழாயில் உண்டானதா, டியூப் ஸ்டாண்டில் உண்டானதா என்று ஆன்டிபாடிக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே பிடிக்கும். எவ்வளவு உயர்ந்த ஆன்டிபாடியை வாங்கினாலும் இதில் மாற்றமில்லை.

ஆகவே ரத்தத்தை ஊதா மூடி போட்ட ஈடிடிஏ டியூபில் எடுங்கள். வினையை முடுக்கிவிடும் இரும்பை ஈடிடிஏ கட்டிப்போடும். டியூபை ஐஸில் வைத்து, தாமதிக்காமல் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். கையோடு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீன் சேர்த்து, ஒரு தடவைக்கு ஆகும் அளவாகப் பங்கிட்டு மைனஸ் 80இல் வையுங்கள். மைனஸ் 20இல் மாதக்கணக்கில் கிடந்த பழைய மாதிரிகளை இதற்கு நம்ப வேண்டாம். செவ்வணு உடைந்து சிவப்பேறிய பிளாஸ்மாவையும் ஒதுக்கிவிடுங்கள், அதில் ஹீம் இரும்பு இறங்கியிருக்கும். புயல் மாதங்களில் நம் ஊர் கரண்ட் எப்படி என்று உங்களுக்கே தெரியும். தானே புயல் அடித்தபோதும் ஃபெஞ்சல் அடித்தபோதும் கடலூரிலும் புதுவையிலும் பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத பிரீசரில் இந்த மாதிரிகளை வைக்காதீர்கள்.

அப்புறம், பிளாஸ்மாவில் 13-ஹோட்டின் பெரும்பகுதி தனியாகத் திரிவதில்லை. கொலஸ்ட்ரால் எஸ்டர், பாஸ்போலிப்பிட் என்கிற பெரிய கொழுப்பு மூலக்கூறுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். தனித்திருப்பது மட்டும் வேண்டுமா, மொத்தமும் வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மொத்தம் வேண்டுமென்றால் காரம் (ஆல்கலி) சேர்த்துப் பிரித்தெடுக்க வேண்டும், அதையும் நைட்ரஜன் சூழலில்.

ஆன்டிபாடி கொண்டு நிறமாற்றத்தால் அளக்கும் எலைசா சோதனையைப் பற்றியும் கேட்கிறீர்கள். 13-ஹோட் மிகச் சிறிய மூலக்கூறு, இரண்டு ஆன்டிபாடிகள் ஒரே சமயத்தில் பிடிக்க இடமில்லை. அதனால் போட்டி முறைதான்: மாதிரியில் 13-ஹோட் கூடக் கூட நிறம் குறையும். முதல் பிளேட்டில் பலரும் தலைகீழாகப் படித்துவிட்டு எங்களுக்குப் போன் செய்கிறார்கள். கரைசலில் சோடியம் அசைடு சேர்க்காதீர்கள், நிறம் தரும் எச்ஆர்பி நொதியை அது முடக்கிவிடும்.

திசுவில் சாயமேற்ற நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாரஃபின் கட்டைக்குப் போகும் வழியில் ஆல்கஹாலும் சைலீனும் தனிக் கொழுப்பமிலங்களைக் கழுவிக்கொண்டு போய்விடும். உறைந்த திசுவை வெட்டிப் பாருங்கள், அதிலும் எச்சரிக்கையோடு.

9-ஹோட்டையும், இதைப் போன்ற இன்னொரு கொழுப்பமிலமான 15-ஹீட்டையும் (15-HETE) ஆன்டிபாடி எவ்வளவு தவறாகப் பிடிக்கிறது என்கிற அட்டவணை பெரும்பாலும் நிறுவனத்தின் தகவல் தாளில் இருக்கும். அதைப் பார்க்காமல் விலையை மட்டும் ஒப்பிட வேண்டாம். ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான எஸ் வடிவமா ஆர் வடிவமா என்று பிரித்தறிவதுதான் உங்கள் கேள்வி என்றால், அவற்றைப் பிரிக்கும் கைரல் காலமும் (column) மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் வைத்திருப்பவர்களிடம் போவது நல்லது. அந்தச் செலவுக்கு எங்களிடம் ஆன்டிபாடி வாங்காதீர்கள்.

ஆர்டர் அனுப்பும்போது மாதிரி எது, எந்த வெப்பநிலையில் எத்தனை நாளாக இருக்கிறது, எதற்காக அளக்கிறீர்கள் என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கொட்டேஷன் போடுவோம். பெட்டி சென்னைக்கு வந்ததும் ஈசிஆர் வழியாக எங்கள் வண்டியிலேயே கொண்டுவந்து தருகிறோம். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கும் நேரத்தையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஆய்வகப் பொருள் விற்பனைப் பிரிவு,
புதுச்சேரி