தாத்தாவைப் பற்றி நீ எழுதிய பக்கம்

அன்பு மக்களே,

நீ அனுப்பிய ஆங்கில நோட்டுப் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனில் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "தாத்தாவைப் பத்தி எழுதின பக்கத்தை மட்டும் பாக்காதீங்கப்பா, ஒரே சிவப்பு மை" என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்தாய். அந்தப் பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் வைத்துப் பார்த்தேன். அதைப் பற்றி உன்னிடம் நிறையச் சொல்ல வேண்டும். போனில் பேசினால் தம்பி பிடுங்கிக்கொள்வான், அம்மாவுக்குக் கேட்க ஆயிரம் இருக்கும், உன் விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

'எனக்குப் பிடித்த மனிதர்' என்ற ஒரே தலைப்பில் நீ இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறாய். முதலாவது அப்துல் கலாமைப் பற்றி. 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்தார், ராக்கெட் செய்தார், குடியரசுத் தலைவர் ஆனார் என்று வரிக்கு வரி சரியாக இருக்கிறது. ஒரு கமா கூடத் தப்பவில்லை. உன் ஆங்கில டீச்சர் சிஸ்டர் அதில் ஒரு டிக் போட்டுவிட்டு, 'இது கைடில் இருக்கிறது, உனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுது' என்று கீழே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அப்புறம்தான் நீ தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

'மை தாத்தா கோ டு சீ மார்னிங் டூ ஓ கிளாக். ஹி லுக் சர்ச் அண்ட் மவுண்டன். ஹி ஸே, நெட் இஸ் ஹியர்.'

இதை இங்கே தோஹாவில் என் அறையில் தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ்காரரிடம் வாசித்துக் காட்டினேன். வெல்டர் வேலை பார்க்கிறார், அவர் ஊரும் கடற்கரைதான். கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஜிபிஎஸ் இல்லாமலா, மலையும் கோவிலும் வைத்து எப்படி வலை இருக்கும் இடம் தெரியும் என்று கேட்டார். கடலில் இருந்து பார்க்கும்போது கோவில் கோபுரம் எந்த மலைக்கு நேராக வருகிறது என்று ஒரு கோடு, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளத்தை வைத்து இன்னொரு கோடு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் வலை என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் தாத்தாவும் இதே மாதிரிதான் செய்வாராம். அன்று இரவு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நீ எழுதிய மூன்று வரி, மக்களே. அதில் எத்தனை பிழை இருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. நீ சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்தது, அவருக்குள் ஒரு கேள்வியும் வந்தது. கலாம் கட்டுரையை வாசித்திருந்தால் 'குட்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பார். கலாம் பெரிய மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் நீ எங்கேயும் இல்லை.

சிவப்பு மைக்கு வருகிறேன். பாதிக்கு மேல் ஒரே பிழைதான், பார்த்தாயா? கோ, லுக், ஸே என்று நீ எழுதிய இடத்தில் எல்லாம் சிஸ்டர் அந்த 'எஸ்' ஓசையைச் சேர்த்திருக்கிறார்கள்: கோஸ், லுக்ஸ், ஸேஸ். தமிழில் பார்க்கிறேன், பார்க்கிறாய், பார்க்கிறார் என்று ஆளுக்கு ஆள் முடிவு மாறும். வினையைச் சொன்னாலே யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஆம், இஸ், ஆர்' போன்ற ஒன்றிரண்டை விட்டால், நிகழ்காலத்தில் அந்த வேலையைச் செய்வதற்கு மிஞ்சியிருப்பது அவன், அவள், அது என்பவர்களுக்கு வரும் அந்த ஒரு 'எஸ்' மட்டும்தான். தமிழில் இவ்வளவு முடிவுகளைப் பிறந்ததிலிருந்து சரியாகச் சொல்லி வருகிற உனக்கு இந்த ஒன்று பழகாமல் போகாது. இன்னொன்று, 'சர்ச்' என்பதற்கு முன்னால் 'தி' வேண்டும். நீயும் நானும் தெரிந்து வைத்திருக்கிற அந்தக் கோவில் என்று காட்டுவதற்கு. தமிழில் அப்படி ஒரு சொல் முன்னால் வருவதில்லை, அதனால் நம் ஆட்களுக்கு அது கடைசி வரைக்கும் தொல்லைதான். நிறைய வாசித்தால் காதே சொல்லிக்கொடுக்கும்.

அவ்வளவு பிழையையும் ஒருவர் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார் என்றால் அவ்வளவையும் வாசித்திருக்கிறார் என்று பொருள். கலாம் பக்கத்துக்குக் கிடைத்த ஒரு டிக்கை விட இதற்கு சிஸ்டர் செலவழித்த நேரம் அதிகம்.

இங்கே என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சாரத்தின் இரண்டாவது தட்டில் இருந்து ஒரு ஸ்பேனர் கீழே விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அடிபடாவிட்டாலும் 'நியர் மிஸ்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் இங்கே விதி. பலர் பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதி, தேதியை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். ஆங்கிலம் சுத்தமாக இருக்கும், என்ன நடந்தது என்று மட்டும் தெரியாது. நான் பார்த்ததை எழுதினேன்: 'ஸ்பேனர் ஃபெல் ஃப்ரம் செகண்ட் லெவல். நோ மேன் பிலோ. டோ போர்டு நாட் தேர்.' டோ போர்டு என்பது சாரத்தின் ஓரத்தில் அடிக்கும் பலகை, பொருள் உருண்டு கீழே விழாமல் தடுக்கும். மறுநாள் காலை வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் டாக்கில் சேஃப்டி அதிகாரி அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். மதியத்துக்குள் அந்தப் பக்கம் பலகை அடித்துவிட்டார்கள். நானும் உன்னைப் போல ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் தமிழில் படித்தவன்தான், அப்புறம் கோணம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். அந்த மூன்று வரியும் இலக்கணப்படி முழுமை இல்லை என்று இப்போது நீயே சொல்வாய். ஆனால் பலகை எங்கே இல்லை என்று அதில் இருந்தது.

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நம் கரையில் விசுவாசம் வந்ததே மனப்பாடத்தில்தான். புனித சவேரியார் 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்கார வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அதை அப்படியே நெட்டுருப் போட்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அந்தப் பிள்ளைகளிடமே கொடுத்தார். 1544-இல் நம் குமரிக் கரைக்கும் வந்தார். டிசம்பரில் கோட்டாறு திருவிழாவுக்குப் போகும்போது இதை நினைத்துக்கொள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்தான் ஹென்றிக்கஸ் அடிகள், போர்த்துக்கீசியர். அவருக்கு நெட்டுரு போதவில்லை. எழுத்தைப் படித்தார், இலக்கணத்தைப் பிடித்தார், நம் ஆட்களிடம் நேராகப் பேசும் அளவுக்குக் கற்றார். தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் செய்ததுதான். பதினாறே பக்கம், ஆனால் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். தாய்மொழி அல்லாத ஒன்றில் அவரும் எவ்வளவு திணறியிருப்பார், யோசித்துப் பார். நீ இப்போது சவேரியார் மாதிரி நிறைய நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறாய். அது நல்ல முதல். ஹென்றிக்கஸ் அடிகள் போன வழியில் தாத்தா பக்கத்தோடு கால் வைத்திருக்கிறாய், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு பக்கத்தில் 'ஐலண்ட்' என்ற சொல்லில் எதற்கு ஓர் 'எஸ்' என்று ஓரத்தில் கேள்வி போட்டிருக்கிறாய். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது, தேடிப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் அந்த 'எஸ்' கிடையாதாம். லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா' என்று பெயர், இதுவும் அதிலிருந்துதான் வந்தது என்று நினைத்துப் படித்தவர்கள் பின்னால் சேர்த்துவிட்டார்கள். 'நைஃப்' சொல்லின் முன்னால் நிற்கும் 'கே' அப்படி இல்லை, அதை ஒரு காலத்தில் உச்சரித்தே வந்தார்கள். இங்கிலாந்தில் 1476-இல் அச்சகம் வந்தது, எழுத்து மெல்ல மெல்ல ஒரே மாதிரி நின்றது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. ஆகவே ஸ்பெல்லிங் தப்பினால் உனக்கு மூளை இல்லை என்று எழுதாதே. அப்படி ஒரு வரியை நோட்டில் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை.

அதைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் சிஸ்டர் மூன்று கேள்விக்கு எழுதச் சொல்கிறார்கள்: என்ன கற்றேன், எங்கே கஷ்டப்பட்டேன், அடுத்த வாரம் என்ன செய்வேன். நல்ல பழக்கம். நீயோ ஒவ்வொரு வாரமும் இரண்டாவது கேள்வியையே பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். பிழை செய்தேன், மறந்தேன், பயந்தேன் என்று. மறைக்கல்வி வகுப்பில் ஆத்தும சோதனை சொல்லிக்கொடுத்திருப்பார்கள் அல்லவா? புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறையில் முதல் படி என்ன தெரியுமா? நன்றி சொல்வது. அந்த நாளில் கிடைத்த நல்லதை எல்லாம் நினைத்துக் கடவுளுக்கு நன்றி சொன்ன பிறகுதான், ஒளி கேட்டு, நடந்ததைத் திரும்பப் பார்த்து, பிழைக்கு வருந்தி, நாளைக்கு என்ன என்று தீர்மானிக்க வேண்டும். பிழைக்கு அங்கே இடம் உண்டு, ஆனால் முதல் இடம் இல்லை. இந்த வாரத்தில் இருந்து அந்த வரிசையில் எழுது. 'போன வாரம் வராத இந்த வாக்கியம் இந்த வாரம் வந்தது' என்று தொடங்கு. ஒன்றுமே இல்லை என்று தோன்றினால் தாத்தா பக்கத்தை எடுத்துப் பார்.

நேரம் கிடைக்கும்போது செய்ய ஒரு வேலை சொல்கிறேன். உலகம் முழுக்க நம்மைப் போன்ற லத்தீன் முறைக் கத்தோலிக்கக் கோவில்களில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பெரும்பாலும் ஒரே வாசகங்கள்தான். இங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் தோஹா ஜெபமாலை அன்னை ஆலயத்தில் அன்றைக்கே ஞாயிறு பூசை வைத்துவிடுகிறார்கள். நான் ஆங்கிலப் பூசைக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை நான் கேட்கும் நற்செய்தியைத்தான் நீ ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் தமிழில் கேட்கிறாய். நான் அந்த ஆங்கில வாசகத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீ முதலில் தமிழில் வாசி, கதை மனசில் ஏறட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் வாய்விட்டு வாசி. கதை ஏற்கனவே தெரியும் என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் தேட வேண்டாம், நீயே ஊகிப்பாய். அப்புறம் அதில் வரும் ஒருவரைப் பற்றி நான்கு வரி உன் ஆங்கிலத்தில் எழுது. வலையை விட்டுவிட்டுப் போன பேதுருவைப் பற்றி எழுத நம் கரைப் பிள்ளைகளுக்குத் தெரியாததா! கைடு வேண்டாம். பிழை வரட்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மீடியம் சேரவா என்று கேட்டாய். உன் கூட்டாளிகள் இரண்டு பேர் சேரப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். அறிவியலும் கணக்கும் உனக்குத் தமிழில் நன்றாகப் புரிகிறது. புரிந்து படிப்பதை விட்டுவிட்டு அவற்றையும் ஆங்கிலத்தில் நெட்டுருப் போடுவதாக இருந்தால் எனக்குச் சம்மதம் இல்லை. தமிழ் மீடியத்திலேயே இருந்துகொண்டு இந்த வருடம் போல வாரா வாரம் சொந்தமாக எழுதினாலும் ஆங்கிலம் வரும் என்று நான் முழுதாக நம்புகிறேன். ஆனால் உனக்கு ஆசையும் தைரியமும் இருந்தால் நான் தடுக்க மாட்டேன், செலவைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம்.

முடிவு எடுக்கும் முன் சிஸ்டரிடம் ஒரு தடவை பேசு, உன்னைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்தான். மே மாதம் அம்மா புதுப் பள்ளிக்கூடத்துக்கு விசாரிக்கப் போகும்போது நீயும் கூடப் போ. முதல் வருடம் அறிவியலை எப்படி நடத்துவார்கள், தமிழ் மீடியத்தில் இருந்து வருகிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்களா, வேண்டாம் என்று தோன்றினால் நடுவில் மாற்றிக்கொள்ள முடியுமா என்று நீயே கேள். அம்மா கேட்கட்டும் என்று பின்னால் நிற்காதே. டி.சி.க்கும் சான்றிதழ்களுக்கும் இப்போதே இரண்டு நகல் எடுத்து வைக்கச் சொல். அங்கே என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுது, தமிழிலோ ஆங்கிலத்திலோ உனக்கு எது வருகிறதோ அதில்.

அன்புடன்
அப்பா