டிரைவர் எங்கே படுப்பார்?

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே சேலம் கோரிமேட்டில் எல்லோரும் சௌக்கியம். வீட்டு மல்கோவா இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

மே மாதம் ஏற்காட்டுக்கு வேன் பிடித்து வருகிறோம், டிரைவர் வண்டியிலேயே படுத்துக்கொள்வார், போலீஸ் தொந்தரவு இருக்குமா என்று கேட்டிருந்தாய். வண்டிக்குள் தூங்குவதைக் குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122ஆவது பிரிவுப்படி, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் நிறுத்தக் கூடாது. தடை உள்ள இடத்தில் நின்றால் 127ஆவது பிரிவின்படி இழுத்துக்கொண்டே போய்விடலாம். வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்தவே கூடாது. நம் மலைப்பாதையிலோ 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கிவிட்டால் ஓரமாக நிற்கும் வண்டி கிட்டே வரும்வரை தெரியாது. அங்கே ஓரங்கட்டித் தூங்கும் பேச்சே வேண்டாம்.

லாட்ஜ் வளாகத்துக்குள் நிறுத்தினால் சட்டச் சிக்கல் இல்லைதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை, குமார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மே மாதத்திலும் விடியற்காலையில் குளிரும். நீங்கள் கம்பளிக்குள் படுத்திருக்க, அவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு முடங்கிக் கிடக்க வேண்டுமா? குளிர் தாங்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், புகை உள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. காலையில் குளிக்க, கழிவறைக்கு அவர் எங்கே போவார்? மறுநாள் உன் பேரனையும் வைத்துக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கப்போகிறவர் அவர்தானே.

2023இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகளில் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிவறையும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி வந்துவிடாதே. பழைய லாட்ஜ் என்றால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே போனில் கேட்டுவிடு. இல்லை என்றால் அவருக்கும் ஒரு சின்ன ரூம் போட்டுவிடு. இத்தனை பேர் வருகிறீர்கள், பிரித்துக்கொண்டால் பெரிதாகத் தெரியாது. சீசனில் அதுவும் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல், தெரிந்தவர்களிடம் இடம் கேட்டு வைக்கிறேன்.

அப்புறம், எத்தனை பேர், எந்தத் தேதி என்று உடனே எழுது. மலை ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு, டிரைவரையும் சேர்த்து.

அன்புடன்,
செல்வம்