சீகூர் வழித்தடம்: வனத்துறைக்கும் நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

சீகூர் யானை வழித்தடம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு முடிந்துவிட்டது. 2010இல் இதை வழித்தடம் என்று அறிவித்து அரசாணை வந்தது, 2011இல் உயர் நீதிமன்றம் அது சரி என்றது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தெற்கே நீலகிரிச் சரிவு, வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இந்த இடுக்கு வழியாகத்தான் முதுமலைப் பக்கத்து யானைகள் சத்தியமங்கலம் காட்டுக்குப் போயாக வேண்டும். அந்த இடுக்கில்தான் மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று ஊர்கள், தோட்டங்கள், ரிசார்ட்டுகள், மின்வேலிகள் எல்லாம் இருக்கின்றன. 2021 ஜனவரியில் எரியும் டயரை எறிந்து, காது கருகி ஒரு யானை செத்ததும் இதே மசினகுடியில்தான்.

சரி, ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தீர்கள், நல்லது. ஆனால் அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பிய முதலாளியும், தாத்தா காலத்துப் பட்டாவை வைத்துக்கொண்டு இரண்டு ஏக்கரில் ராகியும் காய்கறியும் போடுகிற விவசாயியும் ஒன்றா? வழித்தடம் என்று அறிவித்த நிலத்தை வெளியாள் யார் நல்ல விலைக்கு வாங்குவான்? விளைந்ததை யானை தின்கிறது, விற்கவும் வழியில்லை. விற்க மனம் இருப்பவர்களிடம் நீங்களே வாங்குங்கள், அதுதான் நான் கேட்பது.

இது நடக்காத காரியம் இல்லை. சாமராஜநகர் மாவட்டத்தில் எடையாரள்ளி – தொட்டசம்பிகெ வழித்தடத்துக்காக ஒரு தொண்டு நிறுவனம் விவசாயிகளிடம் விலை பேசி சுமார் 25 ஏக்கர் வாங்கி கர்நாடக வனத்துறையிடம் ஒப்படைத்தது. வயநாட்டுத் திருநெல்லியில் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடும் நிலமும் கொடுத்துவிட்டுத்தான் வழித்தடத்தை மீட்டார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிந்தது அரசால் முடியாதா?

விலை என்று வரும்போது பத்திரப் பதிவுக்கு அரசு குறித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள், 2013 நிலமெடுப்புச் சட்டப்படி கிடைக்க வேண்டியது குறையக் கூடாது. புலிகள் காப்பகங்களை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை தருகிறீர்களே, 10 லட்சமாக இருந்து 2021இல் 15 லட்சம் ஆனது, அது நிலம் வைத்திருப்பவருக்கு எப்படிப் போதும்? நிலத்துக்கு நிலம்தான் வேண்டும் என்பவருக்கு மாற்று நிலம் கொடுங்கள். கிணறு இருக்கிற நிலத்துக்குப் பதில் கிணறு இருக்கிற நிலம், பாதை உள்ளதற்குப் பாதை உள்ளது. பத்திரம் பதிவாகி, பட்டா அவர் பெயருக்கு மாறின பிறகுதான் பழைய நிலத்தில் வனத்துறை எல்லைக் கல் நட வேண்டும். அப்புறம், அந்த மாற்று நிலம் இன்னொரு காட்டை வெட்டி எடுத்ததாக இருக்கக் கூடாது.

இருளர், குறும்பர் பழங்குடி ஊர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 2006 வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்கு உள்ள உரிமையை முதலில் எழுதிக் கொடுங்கள். போவதா இருப்பதா என்பதை அவர்களுடைய கிராம சபை சொல்லட்டும்.

முதல் வேலையாக, எந்தெந்தச் சர்வே எண்கள் வழித்தடத்துக்குள் வருகின்றன, அவற்றில் எவற்றை வாங்கப் போகிறீர்கள், என்ன விலைக்கு என்பதைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு விஏஓ அலுவலகத்திலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
நீலகிரியில் வாழும் ஒருவர்