அறுவடை மிஷின் புக்கிங் சைட் டீமுக்கு: நாள் எது மாசம் எதுன்னு சொல்லிக் குடுத்து தேதிய வாங்குங்க

வணக்கம் சார், மேடம்,

நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து எழுதுறேன். நாங்க நாள் முதல்ல போடுற தேதிய உங்க சைட் மாசம் முதல்லன்னு படிக்குது, இந்தப் பிரச்சனை உங்களுக்கே தெரியும், இந்தப் பக்கத்துலேர்ந்து அத்தனை பேர் போன் போட்டாச்சு. எங்க சித்தப்பா சம்பா அறுக்க பெல்ட் மிஷினுக்கு 10/02-ன்னு போட்டு அட்வான்ஸ் கட்டினாரு, எஸ்எம்எஸ்லயும் 10/02-ன்னுதான் வந்துச்சு. மிஷின் எறங்க வரப்ப வெட்டி வழி பண்ணி, சாக்கு படுதா எல்லாம் எடுத்துவச்சு காலைலேர்ந்து வயல்லயே நின்னாரு, மிஷின் வரல. கேட்டா சிஸ்டத்துல அக்டோபர் 2-ன்னு இருக்காம். மறுநாள் ராத்திரி புடிச்ச மழைல பயிர் சாஞ்சு, தண்ணில கெடந்து கதிர்லயே முளை விட்டுடுச்சு. தேறினத கொள்முதல் நிலையத்துக்கு கொண்டுபோனா 17 சதவீதத்துக்கு மேல ஈரம்னு திருப்பி விட்டுட்டாங்க.

நான் பிரவுசிங் சென்டர்ல வேலை பாக்குறேன், வெப்சைட் எழுதுற பிஎச்பி மொழி தெரியும். உங்க எர்ரர் பக்கத்துலயே strtotime-னு வந்துச்சு, எழுத்தா குடுத்த தேதிய கம்ப்யூட்டர் நேரமா மாத்துற பிஎச்பி ஃபங்ஷன் அது. அது சாய்கோடு போட்ட தேதிய அமெரிக்கா வழக்கத்துல மாசம் முதல்லன்னு எடுத்துக்கும், அதையே நடுக்கோடு போட்டு வருஷத்தோட குடுத்தா நாள் முதல்லன்னு எடுத்துக்கும். 15/02 குடுத்தா 15-ஆம் மாசம் கெடையாதே, 'தப்பு'ன்னு அர்த்தமா ஃபால்ஸ்னு திருப்பும், அத செக் பண்ணாம அப்படியே தேதிய எழுதிக் காட்டுற டேட் ஃபங்ஷனுக்கு குடுத்தா அத பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு, கம்ப்யூட்டர் நேரத்த எண்ண ஆரம்பிக்கிற 01-01-1970 ஆயிடும். 15-ஆம் தேதி போட்டவங்களுக்கெல்லாம் புக்கிங் காலாவதின்னு மெசேஜ் வந்தது இதனாலதான். 02/02 போட்டவங்களுக்கு மட்டும் மிஷின் ஒழுங்கா வந்துச்சு, அத எப்படி படிச்சாலும் ஒரே தேதிதானே.

இதெல்லாம் எழுதி அனுப்பினா மொபைல்ல டேட் செட்டிங் பாருங்கன்னு பதில் வருது. விவசாயிக்கு தேதி போடத் தெரியலன்னு முடிவு கட்டிட்டீங்களா சார்? பேங்க் செலான்லேர்ந்து ரேஷன் பில்லு வரைக்கும் இங்க நாள்தான் முதல்ல. முன்னெல்லாம் மிஷின் தரகருக்கு ஒரு போன் போட்டா முடிஞ்ச வேலை, அதையும் ஆன்லைன்லதான் போடணும்னு ஆக்கிட்டு, தப்பு வந்தா எங்க தலைல கட்டினா நாங்க யார்கிட்ட போறது?

கோவத்துல எழுதிட்டேன்னு நெனைக்காதீங்க, வயித்தெரிச்சல். தயவுசெஞ்சு அதுக்குப் பதிலா, தேதி எந்த வரிசைல வருதுன்னு நாமளே சொல்ற createFromFormat ஃபங்ஷன போட்டு நாள், மாசம், வருஷம்னு வரிசைய சொல்லிக் குடுத்து தேதிய வாங்குங்க. அதுலயும் 31/02 குடுத்தா சத்தமில்லாம மார்ச்சுக்கு தள்ளிடும், அதனால வார்னிங்கையும் பாத்து தப்பான தேதிய அங்கயே நிறுத்துங்க. சர்வர் டைம்ஸோன் யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல இருந்தா நம்ம நேரம் அஞ்சரை மணி முன்னாடி, விடிகாலை அஞ்சு மணிக்கு புக் பண்றவருக்கு முந்தின நாள் தேதி விழும், ஏசியா/கொல்கத்தான்னு மாத்துங்க. எஸ்எம்எஸ்ல 10 பிப்ரவரின்னு மாசத்த எழுத்துல போடுங்க, தப்புன்னா அவங்களே கண்டுபுடிச்சு சொல்லிடுவாங்க.

குறுவை புக்கிங் தொறக்கறதுக்குள்ள இத செஞ்சு குடுங்க சார். மிஷின் வராதவங்களோட அட்வான்ஸையும் திருப்பிக் குடுக்கச் சொல்லி பணிவா கேட்டுக்கிறேன்.